தொள்ளாயிரம் கிராம்

நான் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்பதால் மட்டும் இல்லை. எதையும் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. நடுவிலிருந்து தொடங்குவேன், கேட்கிறவர்கள் முதலிலிருந்து சொல்லு என்பார்கள், முதல் எது என்று தேடிப் போனால் அது பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், அதற்குள் கேட்டவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். போன வருஷம் ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று சொல்லப் போய் என் கல்யாணம் வரைக்கும் சொல்லிவிட்டேன், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு அப்படி ஆகக் கூடாது. ஒரே வரியில் சொல்ல வேண்டும். டாக்டரம்மா, என் பிள்ளை இடுப்பில் கல் கட்டியிருக்கிறேன். இப்படிச் சொன்னால் ஏதோ கோயில் வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார். டாக்டரம்மா, நான் எடையில் ஏமாற்றிவிட்டேன். இது போலீஸ் ஸ்டேஷனில் சொல்வது மாதிரி இருக்கிறது. டாக்டரம்மா, என் பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறாள். இதுதான் முதல், ஆனால் இதை எல்லாத் தாயும் சொல்வாள், எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஏழு பேரும் இதைத்தான் சொல்லப் போகிறார்கள், என் முறை வரும்போது இந்தச் சொல் தேய்ந்து போயிருக்கும்.

பால்வாடி என்பது ஒரே ஒரு அறை, வாசலில் தகரக் கூரை. கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் எடை போடுவார்கள். பிள்ளையை உடுப்போடு மிஷினில் நிறுத்தினால் ஜெபக்கனி டீச்சர் எண்ணைப் பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான், கையில் ஒரு முட்டையோடு வீட்டுக்கு வந்துவிடலாம். இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து வந்தேன். வந்தால் உள்ளே மேஜை போட்டு ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறார். "எல்லாரும் கேளுங்க, உங்க முறை வரும்போது பிள்ளைக்கு உடுப்பக் கழட்டி ஜட்டியோட கூட்டியாங்க, டாக்டர் பாக்கணும்" என்று டீச்சர் சொன்னபோது மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மதி என் மடியில் இருக்கிறாள். நிறைமதி என்று அவள் அப்பா வைத்த பெயர். நாலு வயது இரண்டு மாதம். அவள் உட்பாவாடைக்குள் ஒரு துணிப் பட்டை, பழைய சேலைக் கிழிசலில் நான் தைத்தது. பட்டையில் மூன்று சின்னப் பை. ஒன்றில் அரைக்கிலோ எடைக்கல், மற்ற இரண்டிலும் இருநூறு கிராம் கல். மொத்தம் தொள்ளாயிரம். அரைக்கிலோக் கல் இப்போது என் தொடையில் அழுத்திக்கொண்டிருக்கிறது. "அம்மா, கல்லு சுடுது" என்கிறாள் மதி. "மெல்லப் பேசு தங்கம்." "கல்லுக்கு வேர்க்கும்மா." வாயைப் பொத்துகிறேன். என் உள்ளங்கைக்குள் அவள் முகம் முழுவதும் அடங்கிவிடுகிறது. நாலு வயதுப் பிள்ளையின் முகம் ஒரு கைக்குள் அடங்கலாமா?

எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிச்சம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். சின்னப் பெண், முதல் பிள்ளைக்காரி. "யக்கா, மதி இப்ப சாப்பிடுதாளா?" என்கிறாள். "எங்க சாப்பிடுதா, ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கா" என்கிறேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வருகிறது, இதையேதான் மூத்தவள் நன்றாகத் தின்றுகொண்டிருந்த காலத்திலும் சொன்னேன், கண்ணு பட்டுவிடக் கூடாது என்று. மூத்தவள் கார்த்தீஸ்வரி ஒரு வேளைக்கு மூன்று தோசை தின்பாள், கேட்டவர்களிடம் அரை தோசை என்பேன். எல்லாத் தாயும் பொய் சொல்கிறோம், பிள்ளை தின்றாலும் தின்னவில்லை என்கிறோம், பிறகு உண்மையிலேயே தின்னாத பிள்ளை ஒன்று வந்து வாய்க்கும்போது அதைச் சொல்ல வேறு வார்த்தை மிச்சமில்லை. "நீங்க கவலப்படாதீங்கக்கா, மதிதான் பச்சையில இருக்காளே" என்கிறாள் பிச்சம்மாள். "எங்க வீட்டுக்காரர் கேக்காரு, அந்தக் குச்சிப் பிள்ளை பச்சையில இருக்கு, ஒம்பிள்ள ஏன்ட்டி மஞ்சள்ல இருக்குன்னு. நீங்க என்னதான் குடுக்கீங்க, எனக்கும் சொல்லுங்களேன்." நான் என்ன கொடுக்கிறேன் என்று இவளுக்கு எப்படிச் சொல்வது? இரும்பு கொடுக்கிறேன் தாயி. மாதம் ஒருநாள் இரும்பு கொடுக்கிறேன்.

பச்சை, மஞ்சள் எல்லாம் அந்த அட்டையில் இருக்கிறது. மேலே பச்சைப் பட்டை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. மாசி மாதம் மதி பதினோரு கிலோ இருநூறு இருந்தாள், புள்ளி பச்சையை விட்டு மஞ்சளில் விழுந்தது. டீச்சர் கெட்டவர் இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் சத்தமாக வாசிப்பார், மதிக்கும் வாசித்தார். "நிறைமதி, மஞ்சள். குருவம்மாக்கா, கொஞ்சம் கவனிங்க." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கென்று கார்த்தீஸ்வரி சாத்தூரிலிருந்து வந்திருந்தாள், இடுப்பில் தர்ஷனோடு என் பின்னாலேயே நின்றாள். தர்ஷன் அவள் பிள்ளை, என் பேரன், மதியைவிட நாலு மாதம் இளையவன். சித்தியைவிட அக்கா பிள்ளை ஒரு சாண் உயரம். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "நீ மெனக்கெட்டு ஊட்டுனா அவ ஏன்மா இப்படி இருக்கா? ஒனக்கு முடியல. ஒத்துக்கோ. நாப்பது வயசுல பெத்தா ஓடி ஓடி ஊட்ட முடியுமா? எங்கிட்டக் குடு, ரெண்டு மாசத்துல தேத்தி அனுப்புதேன்." பாசத்தில்தான் சொன்னாள். இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம் இல்லை என்று எனக்குத் தெரியும். தர்ஷனோடு சேர்த்து ஒரே தட்டில் ஊட்டுவாள், மதி அவளை அம்மா என்பாள், அந்த வீட்டில் எல்லோருக்கும் அது பார்க்க முறையாகவும் இருக்கும். "அடுத்த மாசமும் மஞ்சள்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்" என்று பஸ் ஏறினாள்.

எனக்கு வேலை கடலைமிட்டாய் கம்பெனியில், பாக்கெட் போடுவது. இருநூறு கிராம் பாக்கெட்டில் தராசு முள் கொஞ்சம் குறைந்தால் ஒரு துண்டை உடைத்துப் போடுவோம், சரியாகிவிடும், கை தானாகச் செய்யும். இப்போது முள் இல்லை, எண் வருகிற மிஷின். பழைய தராசும் எடைக்கல்லும் மேஜைக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. பங்குனி மாதம் எடை போடும் நாளுக்கு முந்தின சாயந்தரம் இருநூறு கல் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். திருடவில்லை, மறுநாளே கொண்டுபோய் வைத்துவிட்டேன், ஒவ்வொரு மாதமும் வைத்துவிட்டேன். குறைந்தால் ஒரு துண்டு போடுவது மாதிரிதான் நினைத்தேன். பதினொன்று நானூறு வந்தது. பச்சை. கார்த்தீஸ்வரிக்குப் போன் போட்டுச் சொன்னேன், "ம், நல்லதுதான்" என்றாள். அவள் அப்பா அட்டையை வாங்கிக் கடைக்காரரிடமெல்லாம் காட்டினார். ஆனால் அந்தக் கோடு சும்மா நிற்கிற கோடு இல்லை. அது மேலே ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளை வயது ஏற ஏறப் பச்சையும் ஏறுகிறது, இருநூறு கல்லோடு நின்றால் மறுபடி மஞ்சள். அடுத்து இரண்டு கல். பிறகு அரைக்கிலோ. ஆடியில் எழுநூறு. இந்த ஆவணியில் தொள்ளாயிரம். அடுத்த மாதம் என்ன கட்டுவது? காலையில் வரும்போது அவள் நேராக நடக்கவில்லை, கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தாள். தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கும்போது கனமாக இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பிள்ளை தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அவள் உண்மையில் எவ்வளவு இருக்கிறாள்? கழித்துப் பார்த்தால் தெரியும். நாளெல்லாம் கிராம் பார்க்கிறவளுக்கு இது கணக்கா? ஆறு மாதமாக நான் கழித்துப் பார்க்கவில்லை. எண் மனதுக்குள் வந்தால் உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன், குழம்பு, தண்ணீர் வருகிற நேரம். இன்றைக்குக் காலையில் ஒரு இட்லி. ஒரு இட்லியா, பாதியா? முதல் வாய் வாங்கினாள், கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்தாள். முழுங்கு என்றேன், தலையை ஆட்டினாள். காக்கா காட்டினேன், போன் காட்டினேன், பூச்சாண்டி வருவான் என்றேன். "பூச்சாண்டிக்கு ஊட்டு, நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். எட்டு வாய் எண்ணினேன், கடைசியில் கன்னத்தைத் திறந்து பார்த்தால் நாலு வாய் அப்படியே இருக்கிறது, பஞ்சு மாதிரி. துப்பு என்று கையை நீட்டினேன். துப்பிவிட்டுச் சிரித்தாள், பாரம் இறங்கினவள் மாதிரி. எனக்கு அடிக்கவும் வந்தது, அழவும் வந்தது. இட்லிதான் இறங்கவில்லை. ஆனால் சாயந்தரம் நான் கம்பெனியிலிருந்து வரும்போது வாசலிலேயே நிற்பாள், என் பையைப் பிடித்துக்கொள்வாள். பையில் தூள் இருக்கும். மிட்டாய் வெட்டும்போது உதிர்கிற கடலையும் பாகுமாக ஒரு கவர், எங்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். அதை மட்டும் அள்ளி அள்ளித் தின்பாள். தின்கிறாளே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், என் நாளில் அது ஒன்றுதான் நிம்மதி. ராத்திரிச் சோற்றை வேண்டாம் என்பாள், வேண்டாம் என்றால் தூளாவது தின்னட்டும் என்று மறுபடியும் கவரைப் பிரிப்பேன். தூள் தின்பதால் சோறு இறங்கவில்லையா, சோறு இறங்காததால் தூள் கொடுக்கிறேனா? இதையும் நான் கழித்துப் பார்த்தது இல்லை. இப்போதும் கையில் கவர் இருக்கிறது, மிஷினில் ஆடாமல் நிற்பதற்கு லஞ்சம்.

இதுவும் முதல் இல்லை. முதல் இன்னும் பின்னால் இருக்கிறது. அங்கே போகக் கூடாது என்று நினைக்கிறேன், நினைக்க நினைக்க அங்கேதான் போகிறது. ஐந்து வருஷத்துக்கு முந்தி கார்த்தீஸ்வரிக்கு ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் எனக்கு நாள் தள்ளியது, வயது முப்பத்தொன்பது, நின்றுபோகிற காலம் என்று நினைத்தேன். நர்ஸம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வாழ்த்துச் சொன்னாள். நான் வீட்டுக்கு வராமல் நேரே மார்க்கெட்டுக்குப் போய்ப் பப்பாளி வாங்கினேன். அரைக்காய். யாரும் இல்லாத நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு உப்புக்கூடப் போடாமல் தின்றேன். மறுநாளும் தின்றேன், மூன்றாம் நாளும். நாலாம் நாள் போனபோது பழக்காரி, "என்ன மதினி, தெனமும் பப்பாளி, அம்புட்டு ஆசையா?" என்று கேட்டாள். ஆமா, ஆசைதான் என்றேன். அந்தச் சொல்லை வாயால் சொன்ன பிறகு அந்தப் பழத்தைக் கையில் வாங்க முடியவில்லை. வெறுங்கையோடு வந்துவிட்டேன். தலைப்பொங்கலுக்கு வந்த கார்த்தீஸ்வரி என் வயிற்றைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்க அத்தைகிட்டச் சொல்லுவேன்?" என்று அழுதாள். நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன், அப்போது உள்ளே இருந்து முதல் முதலாக உதைத்தாள். மூன்று நாள் நான் தின்றது அவளுக்குத் தெரிந்திருக்குமோ? பிறந்தபோது இரண்டு கிலோதான் இருந்தாள். அவளை வேண்டாம் என்று நான் வாய் திறந்து தின்றேன், இப்போது நான் எதை ஊட்டினாலும் அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அப்படியெல்லாம் இருக்காது என்று அவள் அப்பா சொல்வார், சொன்னால். அவரிடம் சொன்னது இல்லை. யாரிடமும் சொன்னது இல்லை.

வரிசை நகர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் இரண்டு பேர். உள்ளே செல்லத்தாயின் மகன் மிஷினில் நிற்கிறான், டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "போன மாசம் பதிமூணு. இன்னிக்குப் பன்னிரண்டேகால். ஒரே மாசத்துல முக்கால் கிலோ எப்படிம்மா எறங்கும்?" என்கிறார். "காய்ச்சல் கெடந்தான் டாக்டர்" என்கிறாள் செல்லத்தாய். "காய்ச்சல் மட்டும்னா சரி. எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும், நெஞ்சுல படம் எடுக்கணும். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, எழுதித் தாரேன்." பையன் ஊசி என்று கத்துகிறான். நான் ஒரு வழி வைத்திருந்தேன், இவ்வளவு நேரமும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருது என்று சொல்லிப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பட்டையை அவிழ்த்து என் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் போன மாதம் எழுநூறு கிராம் கல்லோடு பன்னிரண்டு இருந்தவள் இன்றைக்கு வெறும் உடம்போடு நின்றால், ஒரே மாதத்தில் அத்தனையும் இறங்கினதாகத்தானே தெரியும். இல்லாத வியாதியைத் தேடி மதியின் குச்சிக் கையில் ஊசியைக் குத்துவார்கள். ரத்தம் எடுப்பார்கள், படம் எடுப்பார்கள், என்னிடம் கேட்பார்கள், நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். இரும்புக்கு வைத்தியம் பார்ப்பார்கள்.

செல்லத்தாய் அழுதுகொண்டே வெளியே வருகிறாள். அவள் கையில் இரண்டு சத்துமாவு பாக்கெட். பிச்சம்மாள் உள்ளே போய்விட்டு வருகிறாள், அவள் கையிலும் இரண்டு. "மஞ்சள் பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் கூடக் குடுக்காங்கக்கா, நாலு மாசமா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். "வாரத்துக்கு ரெண்டு முட்டையும் கூட." பிறகு என்னைத் தேற்றுகிறவள் மாதிரி, "ஒங்களுக்கு எதுக்குக்கா, நீங்க பச்சை" என்கிறாள். நாலு மாதம். நாலு பாக்கெட் மாவு, எத்தனை முட்டை. என் பிள்ளை வாயில் போக வேண்டியது. தின்றிருப்பாளோ மாட்டாளோ, கன்னத்தில் ஒதுக்கித் துப்பியிருப்பாளோ, ஆனால் வாய்வரைக்குமாவது போயிருக்கும். அதை நானே கல்லை வைத்து மறித்திருக்கிறேன். மதி என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள். "அம்மா, நான் பச்சையா?" என்கிறாள். அவள் உதடு வெள்ளையாக இருக்கிறது. இவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்தது இல்லையா?

"நிறைமதி."

எழுந்திருக்கிறேன். இன்னும் அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. எங்கே தொடங்குவது, கல்லிலா, தூளிலா, சாத்தூரிலா, மாடிப்படிக்குக் கீழேயா? உடுப்பைக் கழற்றவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய் மிஷினில் நிறுத்துகிறேன். "யக்கா, உடுப்பக் கழட்டணும்னு சொன்னேம்லா?" என்கிறார் டீச்சர். "மொதல்ல இப்படியே போடுங்க டீச்சர்." பன்னிரண்டு புள்ளி ஒன்று என்று எண் வருகிறது. "பன்னிரண்டு நூறு, எங்க பால்வாடியில நல்லா ஏறுன பிள்ளை டாக்டர்" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுக்கிறார். அந்தப் பேனாக் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். என் கை எப்படிப் போனது என்று தெரியவில்லை. மதியைக் கீழே இறக்கிவிட்டு, உட்பாவாடையைத் தூக்கி, முடிச்சை அவிழ்க்கிறேன். வியர்வையில் முடிச்சு இறுகிவிட்டது, பல்லால் கடித்து இழுக்கிறேன். பட்டையை அப்படியே மிஷின் மேல் வைக்கிறேன். பூஜ்யம், புள்ளி, ஒன்பது.

"என்னம்மா இது?" என்கிறார் டாக்டரம்மா.

"கழிச்சுக்கோங்க" என்கிறேன். அதுதான் வந்தது.

அவர் பட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். பைக்குள் விரலை விட்டு அரைக்கிலோக் கல்லைப் பாதி வெளியே தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளுகிறார். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறேன். மதியைக் கூப்பிட்டு, இடுப்பைச் சுற்றிப் பட்டை பதிந்திருந்த சிவப்புத் தடத்தை விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே, "எத்தனை மாசமா?" என்கிறார். அட்டையை வாங்கிப் பங்குனிப் புள்ளியில் விரலை வைத்து ஆடிப் புள்ளி வரைக்கும் இழுத்துக் காட்டுகிறேன். "ஏன்க்கா, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்கிறார் டீச்சர், கோபமாக இல்லை. "வீட்டுல என்ன சாப்பிடுவா?" என்று டாக்டரம்மா கேட்கிறார். ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, தூள் கவரை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைக்கிறேன். "இது தின்பா. இது மட்டும்." மாடிப்படிக்குக் கீழே நின்றதை எடுத்து வைக்க அந்த மேஜையில் எனக்கு இடம் தெரியவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.

"அம்மா, நான் நடக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் மதி வாசல் வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி ஓடி வருகிறாள், வயிற்றைப் பிடிக்காமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கழித்து எழுதுகிறார். பதினொன்று இருநூறு. மாசி மாதத்து எண். ஆறு மாதத்தில் என் பிள்ளை ஒரு பாக்கெட் மிட்டாய் கூட ஏறவில்லை. "பயப்படாதீங்க, தெரிஞ்சிருச்சுல்லா, இனிமே பாக்கலாம்" என்கிறார். சாயந்தரம் சாத்தூருக்கு நான்தான் போன் போட்டுச் சொல்ல வேண்டும், அங்கேயும் தப்பாகத்தான் சொல்வேன். டீச்சர் அட்டையை மேஜையில் விரித்து, பச்சையை விட்டுக் கீழே, வெகுதூரம் கீழே, பேனா முனையை நிறுத்துகிறார். மின்விசிறிக் காற்றில் அட்டை படபடவென்று அடிக்கிறது. புள்ளி வைத்து முடிக்கிறவரை அது நகராமல் இரண்டு கையாலும் நான் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.